இணைய நடுநிலைமை

டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு, ஊரிலுள்ள பெற்றோரின் குரலைக் கேட்பது ஒரு காலத்தில் பெருஞ்செலவாக இருந்தது. டிரங்கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கிற் காத்திருந்ததை முதியோர் மறந்திரார். இன்றோ, கைபேசியில் இணையத்தின் வழியே முகம் பார்த்துப் பேசுகிறோம். 2014 டிசம்பரில் இவ்வசதிக்கு ஓர் இடையூறு நேர இருந்தது. இணையவழிப் பேச்சுக்கு மட்டும் தனிக் கட்டணம் விதிக்கப்போவதாக ஏர்டெல் நிறுவனம் அறிவித்தது; எதிர்ப்பு வலுக்கவே, சில நாட்களில் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

அன்று எழுந்த வினா யாது? இணையத் தரவுக்கு நாம் முன்னரே விலை கொடுத்துவிட்டோம். அதைக் கொண்டு செய்தி படிக்கிறோமா, அன்னையுடன் உரையாடுகிறோமா என்று பார்த்து வெவ்வேறு விலை கேட்கவோ, ஒன்றை விரைவாகவும் மற்றொன்றை மெதுவாகவும் அனுப்பவோ, அதைச் சுமந்து வரும் நிறுவனத்திற்கு உரிமை இல்லை என்பதே இணைய நடுநிலைமை. கடிதத்தின் எடைக்கேற்பத் தபால்தலை ஒட்டுகிறோம். உள்ளிருப்பது கலியாணச் செய்தியா, கடன் விண்ணப்பமா என்று தபால் இலாகா கேட்பதில்லை. அச்சு நூல்களுக்குச் சலுகை இருந்ததே என்பார் உளர். அச்சலுகை எல்லா நூல்களுக்கும் பொதுவாயிருந்தது. ஒரு பதிப்பகத்தாருக்கு மட்டும் உரியதன்று.

இதனினும் சிக்கலான வழக்கு 2015-இல் வந்தது. பேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் சேவையொன்றைத் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் தொடங்கிற்று. ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்பது அதற்குப் பின்னர் இட்ட பெயர். ஏதுமில்லாதவனுக்கு அரைவயிற்றுக் கஞ்சியும் உணவுதானே என்ற வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், எத்தளத்தை உள்ளே விடுவது என்பதற்குரிய விதிகளை வகுத்தது அந்நிறுவனமே. வெளியூர்த் தமிழ்ச் சங்கம் நடத்தும் சிறு தளம் அவ்வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டால், காசு கொடுத்து அதைத் தேடி வருவோர் எத்தனை பேர்? வறியவர் அறியும் உலகின் எல்லையைப் பிறரொருவர் வரைவதாக இது முடியும் என்றே கருதுகிறோம்.

2015 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திற்குப் பொதுமக்கள் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட மின்னஞ்சல்களை அனுப்பினர். ஆணையத்தின் ஆவணத்தை இத்தனை பேர் பொருட்படுத்தியது நமக்கே வியப்பளித்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டுவதை ஆணையம் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்ச அளவாக 50 லட்சம் ரூபாய் அபராதம். வேகத்தில் பாகுபாடு காட்டலாகாது என்னும் நிபந்தனை 2018-இல் உரிமங்களில் சேர்க்கப்பட்டது.

இத்தகைய விதிகள் எங்கும் நிலைத்துவிடும் என்பதற்கில்லை. அமெரிக்காவில் 2015-இல் வகுத்த விதி 2017-இல் நீக்கப்பட்டு, 2024-இல் மீண்டும் பிறப்பிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. நம் நாட்டிலும், தம் கம்பிகளையும் கோபுரங்களையும் நிறைக்கும் பெரிய இணையச் சேவைகள் அச்செலவிற் பங்கு தரவேண்டுமென்று தொலைபேசி நிறுவனங்கள் கேட்டு வருகின்றன. கோபுரம் நிறுவப் பணம் வேண்டும் என்பது மெய்யே. ஆனால், அச்சேவைகள் தாமாக வந்து கம்பிகளை நிறைப்பதில்லை; வேண்டுமென்று கேட்டு வரவழைப்பவர் நாம், அதற்குரிய விலையை மாதந்தோறும் செலுத்துபவரும் நாமே.