உப்புக் கரிக்கும் முத்தம்!

குழந்தையை முத்தமிடுகிறீர்கள். உதட்டில் உப்புக் கரிக்கிறது. "வேர்வைதானே" என்று விட்டுவிடுகிறோம். அது சரிதான். ஆனால், அதே குழந்தைக்கு நெஞ்சுச் சளியும் ஓயாமல் இருந்தால்? அப்போது அந்த உப்பு ஒரு சேதி சொல்கிறது.

தூசியா, பிறவியா?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலைகள் ஏராளம். லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அங்கே குழந்தை இருமினால், பெற்றோர் தூசியைத்தான் குறை சொல்வார்கள்.

தூசி, புகை, ஆஸ்துமா, காசநோய் இவற்றால் சளி வருவது உண்மை. ஆனால் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சளி கெட்டி. அந்த நோயின் பெயர் "சிஸ்டிக் பைப்ரோசிஸ்".

வாசல் அடைப்பு

நம் உடம்பின் செல்களில் உப்பு போய்வர வாசல் உண்டு. அதை அமைப்பது ஒரு "ஜீன்". 1989-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஜீன் பழுதானால் வாசல் திறக்காது. மூச்சுக்குழாயில் ஈரம் வற்றும். சளி பசையாக ஒட்டிக்கொள்ளும். கிருமிகள் குடியேறும். சாப்பாடு செரிக்காமல் குழந்தை மெலியும்.

வேர்வையிலோ உப்பு அதிகமாக வெளியேறும். 1953-ல் அமெரிக்க டாக்டர் சான்ட் ஆக்னீஸ் இதைக் கண்டறிந்தார். வேர்வையைச் சோதித்தே நோயைச் சொல்லிவிடலாம்.

வேலூரில் சோதனை

இது வெள்ளைக்காரர் நோய் என்றே நெடுநாள் நினைத்தார்கள். அது தவறு. நம் பிள்ளைகளுக்கும் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் செல்லும் பெங்களூர் சாலையில்தான் வேலூரும் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த வேர்வைச் சோதனை செய்கிறார்கள்.

யார் குற்றம்?

"மருமகள் வந்த ராசி" என்று சொல்லாதீர்கள்! தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று 2 பழுதான ஜீன்கள் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் உள்ள பெற்றோர் சுகமாகவே இருப்பார்கள். அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 4-ல் 1 வாய்ப்பு. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணம் முடித்தால், இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும்.

என்ன செய்வது?

சளியை இளக்க உப்பு நீர் ஆவி, அதை வெளியேற்ற முதுகு தட்டும் பயிற்சி, செரிமான மாத்திரை, கிருமிக்கு மருந்து எல்லாம் உண்டு. வாசலையே சீராக்கும் புதிய கூட்டு மருந்துக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. விலைதான் மலைக்க வைக்கிறது!

நோயைச் சீக்கிரம் கண்டுகொண்டால் நுரையீரலைக் காக்கலாம். கோடையில் இந்தக் குழந்தைகளுக்கு உப்பு குறைந்து மயக்கமும் வரலாம். ஆகவே ஓயாத சளி, தேறாத உடம்பு, உப்புக் கரிக்கும் நெற்றி மூன்றும் சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த முத்தமும் ஒரு சோதனைதான்!