பெயர்வெளி (குபெர்நெட்டீஸ்)

பெயர்வெளி என்பது குபெர்நெட்டீஸ் மென்பொருளால் இயக்கப்படும் கொள்கலன் கொத்தணி ஒன்றைப் பல தருக்கப் பகுதிகளாகப் பிரித்துப் பயன்படுத்த உதவும் ஓர் ஏற்பாடு ஆகும். ஆங்கிலத்தில் இது நேம்ஸ்பேஸ் எனப்படும். ஒரே கொத்தணியைப் பல குழுக்களோ, ஒரே குழுவின் பல பயன்பாடுகளோ பகிர்ந்துகொள்ளும்போது, ஒன்றின் பெயர்களும் உரிமைகளும் வளங்களும் மற்றொன்றுடன் கலந்துவிடாமல் இருக்க இது உதவுகிறது. எனினும் பெயர்வெளி தன்னளவில் ஒரு பாதுகாப்பு அரண் அன்று. அணுக்க உரிமை, பிணையக் கொள்கை, வள ஒதுக்கீடு, நிறுவும் முறை ஆகிய நான்கும் அதனுடன் சேரும்போதே பாதுகாப்பு உண்டாகிறது.

பின்னணி

கொள்கலன் என்பது ஒரு பயன்பாட்டையும் அது இயங்கத் தேவையான நூலகங்களையும் ஒன்றாகக் கட்டி, பிற பயன்பாடுகளிலிருந்து பிரித்து இயக்கும் முறை ஆகும். மெய்நிகர் இயந்திரம் போலன்றி, கொள்கலன்களுக்குத் தனித்தனி இயக்குதளம் இல்லை. ஒரு கணினியில் உள்ள கொள்கலன்கள் அனைத்தும் அக்கணினியின் லினக்ஸ் கருவையே பகிர்ந்துகொள்கின்றன. 2013 இல் டாக்கர் வெளியானபின் இம்முறை பரவலாயிற்று.

பல கணினிகளில் பரவிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான கொள்கலன்களை மேலாண்மை செய்வதற்காகக் கூகுள் நிறுவனம் 2014 இல் குபெர்நெட்டீஸ் மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அந்நிறுவனம் தனக்குள் பயன்படுத்திவந்த போர்க் என்னும் அமைப்பின் பட்டறிவு இதற்கு அடிப்படையாக இருந்தது. 2015 சூலையில் இதன் 1.0 பதிப்பு வெளியானது. அப்போது லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமைந்த கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளையிடம் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. குபெர்நெட்டீஸ் என்பது சுக்கானியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கப்பலின் சுக்கான் சக்கரமே இதன் சின்னம்.

லினக்ஸ் கருவிலும் பெயர்வெளி என்னும் கருத்து உண்டு. அது ஒரு கொள்கலனைக் கணினியின் பிற நிரல்களிலிருந்து பிரித்துவைப்பது. குபெர்நெட்டீஸ் பெயர்வெளி அதனின்று வேறானது. இது கொத்தணியின் பொருள்களை வகைப்படுத்தும் மேல்நிலை ஏற்பாடு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே பெயர்வெளி பாதுகாப்பு அளிக்கும் என்ற தவறான நம்பிக்கைக்கு ஒரு காரணமாகிறது.

ஓர் ஒப்புமை

பொதிகை மலையில் தோன்றிப் புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் நீர், வழியில் பல அணைக்கட்டுகளால் கால்வாய்களுக்குப் பிரித்துவிடப்படுகிறது. மருதூர் அணைக்கட்டிலிருந்து மேலக்கால், கீழக்கால் என்பனவும், கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால், தென்கால் என்பனவும் பிரிகின்றன. ஆறு ஒன்று, கால்கள் பல. கால்வாய்க்குப் பெயர் இட்டுவிட்டதாலேயே பங்கீடு நடந்துவிடாது. மதகு வேண்டும், மதகின் சாவி யாரிடம் இருக்கும் என்ற வரையறை வேண்டும், எவ்வளவு நீர் என்ற அளவும் வேண்டும். மேலே இருப்பவர் அளவின்றி எடுத்தால் கடைமடைக்கு நீர் வராது.

கொத்தணியும் அவ்வாறே. கணினிகளின் மொத்த நினைவகமும் செயல்திறனும் ஆறு எனில், பெயர்வெளிகள் கால்வாய்கள். ஒரு மாவட்டத்தின் பல துறைகள் ஒரே கொத்தணியைப் பகிர்ந்துகொள்வதாகக் கொள்வோம். புன்னக்காயல் போன்ற கடற்கரை ஊர்களின் மீனவர்களுக்குக் கடல்நிலை எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் பயன்பாடு 'மீன்வளம்' என்னும் பெயர்வெளியிலும், வரி வசூல் பயன்பாடு 'வருவாய்' என்பதிலும், புதிதாக எழுதப்படும் நிரல்கள் 'சோதனை' என்பதிலும் இருக்கின்றன. சோதனையில் உள்ள பிழையான நிரல் ஒன்று நினைவகம் முழுவதையும் விழுங்கினால், புயல் எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச்சேராது. சோதனைக் குழுவில் ஒருவரின் கடவுச்சொல் களவுபோனால், வருவாய்த் துறையின் தரவுகளும் களவுபோகலாம். இவ்விரண்டையும் தடுப்பதே பெயர்வெளி மேலாண்மையின் நோக்கம்.

அமைப்பு

புதிய கொத்தணி ஒன்றில் டிஃபால்ட், கியூப்-சிஸ்டம், கியூப்-பப்ளிக், கியூப்-நோடு-லீஸ் என்னும் நான்கு பெயர்வெளிகள் தாமாகவே இருக்கும். இவற்றுள் கியூப்-சிஸ்டம் கொத்தணியின் சொந்த உறுப்புகளுக்கானது. அதில் பிற பயன்பாடுகளை நிறுவலாகாது.

ஒரு பெயர்வெளிக்குள் ஒரே வகைப் பொருள்கள் இரண்டுக்கு ஒரே பெயர் இருக்க முடியாது. வெவ்வேறு பெயர்வெளிகளில் இருக்கலாம். பாட் எனப்படும் பொதிகள் (ஒன்றாக இயங்கும் கொள்கலன்களின் தொகுதி), சேவைகள், மறைபொருள்கள் முதலியன பெயர்வெளிக்குள் அடங்குவன. கணுக்கள் எனப்படும் கணினிகள், நிலைத்த சேமிப்பகங்கள், பெயர்வெளிகள் ஆகியன கொத்தணி முழுமைக்கும் பொதுவானவை. பொதுவானவற்றை மாற்றும் உரிமை ஒரு குழுவுக்குக் கிடைத்துவிட்டால் பெயர்வெளி எல்லை பொருளற்றதாகிவிடும்.

பாதுகாப்பின் படிகள்

அணுக்க உரிமை

யார், எந்தப் பெயர்வெளியில், எந்தப் பொருளை, என்ன செய்யலாம் என்பதைப் பொறுப்புவழி அணுக்கக் கட்டுப்பாடு வரையறுக்கிறது. இது 2017 இல் வெளியான 1.8 பதிப்பில் நிலைபெற்றது. இதில் உரிமைகளின் பட்டியல் 'பொறுப்பு' எனவும், அதனை ஒருவருக்கு வழங்குவது 'பிணைப்பு' எனவும் அமைகின்றன. உரிமைகள் கூடிக்கொண்டே செல்லும்; ஒன்றை வழங்கிவிட்டு வேறொரு விதியால் மறுக்க இதில் வழியில்லை. எனவே தொடக்கத்தில் குறைவாகவே வழங்குதல் வேண்டும்.

பொதுவாக நேரும் தவறு பிணைப்பின் வகையில் உள்ளது. தொகுப்பதற்கான ஒரே பொறுப்பினைப் பெயர்வெளிப் பிணைப்பின் மூலம் வழங்கினால் அது அப்பெயர்வெளியில் மட்டும் செல்லும். கொத்தணிப் பிணைப்பின் மூலம் வழங்கினால் எல்லாப் பெயர்வெளிகளிலும் செல்லும். கோப்பில் இவ்விரண்டுக்கும் ஒரு சொல்லே வேறுபாடு.

பொதிகளை உருவாக்கும் உரிமையும் கவனத்திற்குரியது. ஒரு பெயர்வெளியில் பொதி உருவாக்கக் கூடியவர், அங்குள்ள எந்த மறைபொருளையும் அப்பொதியில் இணைத்துப் படித்துவிட முடியும். அங்குள்ள எந்தச் சேவைக் கணக்கின் பெயரிலும் இயங்க முடியும். அதாவது, மறைபொருளைப் படிக்கும் உரிமையை நேரடியாக மறுத்தாலும் பயனில்லை. வெவ்வேறு நம்பகத்தன்மை கொண்டவற்றை வெவ்வேறு பெயர்வெளியில் வைக்கவேண்டும் என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். மேலும் மறைபொருள்கள் இயல்பாகக் குறியேற்றம் மட்டுமே செய்யப்படுகின்றன. நிர்வாகி தனியே ஏற்பாடு செய்தாலன்றி அவை தரவுத்தளத்தில் மறையாக்கம் இன்றியே சேமிக்கப்படும்.

பிணையக் கொள்கை

இயல்பு நிலையில் ஒரு பெயர்வெளியின் பொதி, வேறெந்தப் பெயர்வெளியின் பொதியுடனும் தொடர்புகொள்ள முடியும். இதனைத் தடுக்கப் பிணையக் கொள்கை தேவை. ஒவ்வொரு பெயர்வெளியிலும் முதலில் அனைத்தையும் மறுக்கும் கொள்கை ஒன்றை இட்டு, பின்னர் தேவையானவற்றை மட்டும் அனுமதிப்பது நல்வழக்கம். வெளிச்செல்லும் தொடர்பையும் மறுக்கும்போது, பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் சேவைக்கான வழியைத் திறந்துவைக்க வேண்டும். இல்லையெனில் பயன்பாடு எதனையும் கண்டறிய இயலாமல் நின்றுவிடும். கேலிகோ, சிலியம் போன்ற ஆதரவுடைய பிணைய நீட்சிகள் நிறுவப்பட்டிருந்தால்தான் இக்கொள்கைகள் செயற்படும். ஆதரவில்லாத இடத்தில் கொள்கைக் கோப்பு எவ்வித எச்சரிக்கையுமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டு, பயனின்றிக் கிடக்கும்.

வள ஒதுக்கீடு

ஒரு பெயர்வெளி பயன்படுத்தக் கூடிய நினைவகம், செயல்திறன், பொதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு உச்சவரம்பு இடலாம். அவ்வாறு நினைவகத்துக்கு வரம்பு இட்டபின், தனக்கு எவ்வளவு வேண்டும் என்று குறிப்பிடாத பொதிகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. ஆதலால் இயல்பு அளவுகளை நிரப்பித் தரும் மற்றொரு விதியையும் உடன் இடுவர். மேற்கண்ட எடுத்துக்காட்டில், சோதனைக்கு உச்சவரம்பு இருந்திருந்தால் பிழையான நிரல் மட்டுமே நின்றிருக்கும், எச்சரிக்கை சென்றிருக்கும்.

பொதிகளின் தகுதி

கணினியின் கோப்புகளையோ கருவையோ தொடக்கூடிய சிறப்புரிமைப் பொதி ஒன்று, பெயர்வெளி எல்லைகள் அனைத்தையும் தாண்டிவிடும். இதனைத் தடுக்க முன்பிருந்த பொதிப் பாதுகாப்புக் கொள்கை என்னும் வசதி, சிக்கலானது என்பதால் 2022 இல் வெளியான 1.25 பதிப்பில் நீக்கப்பட்டது. அதே பதிப்பில் எளிய மாற்று ஒன்று நிலைபெற்றது. அதன்படி ஒவ்வொரு பெயர்வெளிக்கும் சிறப்புரிமை, அடிப்படை, கட்டுப்பாடு என்னும் மூன்று தரங்களுள் ஒன்றை அடையாளச் சீட்டாக இடலாம். சீட்டை மாற்றக்கூடியவர் தரத்தையும் மாற்றிவிடுவார் என்பதால், பெயர்வெளியைத் திருத்தும் உரிமை நிர்வாகியிடமே இருத்தல் வேண்டும்.

நிறுவும் முறை

பயன்பாடுகளைக் கொத்தணியில் நிறுவும் கருவிக்குப் பேரதிகாரம் தேவைப்படுவதால், அதுவே பலவீனமான இடமாக அமையக்கூடும். ஹெல்ம் என்னும் கருவியின் 2 ஆம் பதிப்பில், டில்லர் என்ற உறுப்பு கொத்தணிக்குள் இருந்து நிறுவும் பணியைச் செய்தது. பல இடங்களில் அதற்கு முழு நிர்வாக உரிமை வழங்கப்பட்டிருந்தது. ஆகவே டில்லரை அணுகக்கூடிய எவரும் எப்பெயர்வெளியிலும் எதையும் நிறுவ இயன்றது. 2019 நவம்பரில் வெளியான 3 ஆம் பதிப்பில் டில்லர் நீக்கப்பட்டது. கட்டளை இடுபவரின் உரிமையே ஹெல்மின் உரிமை ஆயிற்று.

கிட்ஆப்ஸ் என்பது அடுத்த வளர்ச்சி. இப்பெயர் 2017 இல் வீவ்வொர்க்ஸ் நிறுவனத்தால் வழங்கப்பட்டது. இம்முறையில் கொத்தணி எவ்வாறு இருக்கவேண்டும் என்பது கிட் களஞ்சியத்தில் எழுதிவைக்கப்படும். கொத்தணிக்குள் இருக்கும் ஒரு நிரல் அதனைப் படித்து, வேறுபாடு இருப்பின் சரிசெய்துகொள்ளும். மனிதர்களுக்குக் கொத்தணியின் சாவி தேவையில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார், எப்போது என்ற பதிவும் இருக்கும்.

இதற்கான ஆர்கோ சிடி என்னும் கருவியில் 'திட்டம்' என்றொரு வரையறை உண்டு. எந்தக் களஞ்சியத்திலிருந்து, எந்தப் பெயர்வெளிக்கு, எவ்வகைப் பொருள்களை நிறுவலாம் என்பதை அது கூறும். உடன்வரும் இயல்புத் திட்டம் அனைத்தையும் அனுமதிப்பதால் அதனைப் பயன்படுத்தாமல் இருப்பதே நலம். தொடக்கத்தில் எல்லாப் பயன்பாட்டு அறிவிப்புகளும் ஆர்கோ சிடியின் சொந்தப் பெயர்வெளியிலேயே இருக்கவேண்டியிருந்தது. அங்கு எழுதும் உரிமை பெற்றவர் விரும்பிய திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எல்லையைத் தாண்ட முடிந்தது. 2022 இல் வெளியான 2.5 பதிப்பு முதல், குழுக்கள் தத்தம் பெயர்வெளியிலேயே அறிவிப்புகளை வைக்கலாம். எந்தப் பெயர்வெளியிலிருந்து வரும் அறிவிப்பு எந்தத் திட்டத்தைப் பயன்படுத்தலாம் என்பதை நிர்வாகி தீர்மானிப்பார்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

2018 பெப்ரவரியில், டெஸ்லா நிறுவனத்தின் குபெர்நெட்டீஸ் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று கடவுச்சொல் இன்றித் திறந்திருந்ததை ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. ஊடுருவியவர்கள் அதன்வழி மறையீட்டு நாணயம் ஈட்டும் நிரல்களை இயக்கினர். ஒரு பொதிக்குள் இருந்த அமேசான் மேகக் கணக்கின் சாவியும் வெளிப்பட்டது.

2018 திசம்பரில் அறிவிக்கப்பட்ட வழு ஒன்றில், சிறிய உரிமை உடையவரும் ஏபிஐ வழங்கியின் மூலம் முழு உரிமையைப் பெற இயன்றது. அதன் கடுமை 10 க்கு 9.8 என மதிப்பிடப்பட்டது. 2022 பெப்ரவரியில் ஆர்கோ சிடியில் கண்டறியப்பட்ட வழு, தீய நோக்குடன் அமைக்கப்பட்ட ஹெல்ம் கோப்பின் வழியாகப் பிற பயன்பாடுகளின் இரகசியங்களைப் படிக்க இடமளித்தது. 2025 மார்ச்சில் இங்கிரஸ்-என்ஜின்எக்ஸ் என்னும் வாயில் மென்பொருளில் வெளியான வழுவும் 9.8 என மதிப்பிடப்பட்டது. அம்மென்பொருள் இயல்பாகவே எல்லாப் பெயர்வெளிகளின் மறைபொருள்களையும் படிக்கும் உரிமை பெற்றிருந்ததால், அது வீழ்ந்தால் கொத்தணி முழுவதும் வீழும் நிலை உண்டானது. பெயர்வெளிகளைக் கடந்து செல்லும் பொது உறுப்புகளே அதிகக் காவலுக்கு உரியவை என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

இந்தியாவில்

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈகவர்ன்மென்ட்ஸ் அறக்கட்டளை 2003 இல் தொடங்கப்பட்டது. நகராட்சி வரி, குடிநீர், குறைதீர்ப்பு போன்ற சேவைகளுக்காக அது உருவாக்கிய டிஜிட் என்னும் திறந்த மூலத் தளம், பல நுண்சேவைகளாகப் பிரிக்கப்பட்டு ஹெல்ம் மூலம் குபெர்நெட்டீஸ் கொத்தணியில் நிறுவப்படுகிறது. குடிமக்களின் சொத்து, வரி விவரங்கள் இவ்வாறான தளங்களில் இருப்பதால், பெயர்வெளி மேலாண்மை பொதுமக்களையும் தொடும் பொருளாகிறது. குபெர்நெட்டீஸ் வல்லுநர்களின் கியூப்கான் மாநாடு இந்தியாவில் முதன்முறையாக 2024 திசம்பரில் தில்லியில் நடைபெற்றது.

வரம்புகள்

மேற்கண்ட படிகள் அனைத்தும் சரியாக அமைந்தாலும், ஒரே கணினியில் உள்ள பொதிகள் ஒரே லினக்ஸ் கருவைப் பகிர்ந்துகொள்கின்றன. கருவில் வழு இருப்பின் கொள்கலனிலிருந்து வெளியேறிக் கணினியைக் கைப்பற்றலாம். அதுபோலவே ஏபிஐ வழங்கியும் அனைவருக்கும் பொதுவானது. எனவே ஒருவரையொருவர் ஓரளவு நம்பும் குழுக்களுக்கே, அதாவது ஒரே நிறுவனத்தின் பிரிவுகளுக்கே, பெயர்வெளிப் பிரிப்பு போதுமானது. ஒருவரையொருவர் அறியாத வாடிக்கையாளர்களுக்குத் தனிக் கணுக்களோ தனிக் கொத்தணிகளோ பரிந்துரைக்கப்படுகின்றன. அதற்குச் செலவும் பராமரிப்பும் கூடுதலாகும். இழக்க நேரும் தரவின் மதிப்பையும் அச்செலவையும் எடைபோட்டே இவ்விரண்டுள் ஒன்றைத் தெரிவுசெய்கின்றனர்.