நீச்சல் குளத்துக்கு எத்தனை ஹெச்பி மோட்டார் வேணும்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவுல, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கு மம்சாபுரம். அந்தப் பக்கத்துக்காரங்ககிட்ட நீச்சல்னு சொன்னா தோட்டத்துக் கிணறும் பம்ப்செட் தொட்டியும்தான் ஞாபகத்துக்கு வரும். இப்போ வெளியூர்ல வேலை பார்க்குற சிலர், ஊர்த் தோப்புல சின்னதா ஒரு வீடு, கூடவே ஒரு நீச்சல் குளம்னு திட்டம் போடுறாங்க. உடனே ஒரு யோசனை வரும்: "கிணத்துக்குப் போடுற மாதிரி 2 ஹெச்பி போட்டுடுவோம், பெருசா இருந்தா நல்லதுதானே?"

இல்லைங்க. இங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

கிணத்து மோட்டார் ஆழத்திலிருந்து தண்ணியை மேலே தூக்கணும். குளத்து மோட்டார் எதையும் தூக்குறதில்லை. குளத்துத் தண்ணியை இழுத்து, மணல் ஃபில்டர் வழியா அனுப்பி, திரும்பக் குளத்துக்கே விடுது. சுத்திச் சுத்தி வர்ற அதே தண்ணிதான். அதனால ஹெச்பியில ஆரம்பிக்கக் கூடாது. குளத்துல எவ்வளவு தண்ணி இருக்குங்கறதுல ஆரம்பிக்கணும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர். பெருக்கினா 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். வீட்டுக் குளத்துல 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்தத் தண்ணி அளவும் ஃபில்டரைக் கடந்தா போதும். 40,000-ஐ 6-ஆல வகுத்தா மணிக்கு சுமார் 6,700 லிட்டர். நமக்கு வேண்டிய ஓட்டம் இதுதான்.

அடுத்தது ஹெட். குழாய், வளைவு, வால்வு, ஃபில்டர் எல்லாம் தண்ணியைத் தடுக்கும். அந்தத் தடையை மீட்டர் கணக்குல சொல்றதுதான் இங்கே ஹெட். சின்ன வீட்டுக் குளத்துக்குப் பொதுவா 8 முதல் 12 மீட்டர் வரும். நடுவுல 10 மீட்டர்னு வெச்சுக்கிட்டா, அரை ஹெச்பியில இருந்து முக்கால் ஹெச்பிக்குள்ள ஒரு மோட்டாரே போதும்!

சரி, 2 ஹெச்பி போட்டா என்னதான் ஆகும்?

முதல்ல கரண்ட். 2 ஹெச்பின்னா சுமார் 1.5 கிலோவாட். 8 மணி நேரம் முழு லோடுல ஓடினா 12 யூனிட். முக்கால் ஹெச்பிக்கு நாலரை யூனிட்தான். "தோப்பு சர்வீஸ்ல இலவசக் கரண்ட் இருக்கே"ன்னு யாராவது சொல்லுவாங்க. அது விவசாயத்துக்கு மட்டும்தான். குளத்துக்கு அந்த லைனை இழுத்தா விதிமீறல்.

ரெண்டாவது ஃபில்டர். மணல் படுக்கையில தண்ணி நிதானமாப் போனாத்தான் அழுக்கு தங்கும். ஒரு சதுர மீட்டர் மணலுக்கு மணிக்கு 30 முதல் 40 கன மீட்டர் ஓட்டம் நல்ல அளவு. நம்ம குளத்துக்கு அரை மீட்டர் விட்டமுள்ள ஃபில்டர் சரியா இருக்கும். அதுல ரெண்டு மடங்கு தண்ணியை வேகமாத் தள்ளினா, அழுக்கு மணலைத் தாண்டிக் குளத்துக்கே திரும்பி வந்துடும். அதே குழாயில ஓட்டத்தை ரெண்டு மடங்காக்கினா, தடை கிட்டத்தட்ட நாலு மடங்காகும். காசு எல்லாம் உராய்வுல போகுது.

மூணாவது, உயிர். 2002ல அமெரிக்காவுல, முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரோட 7 வயசுப் பேத்தி வர்ஜீனியா கிரேம் பேக்கர், ஒரு வெந்நீர்த் தொட்டியில இருந்த உறிஞ்சு வாயில சிக்கி மூழ்கி இறந்துட்டா. தண்ணி இழுத்த வேகத்துல பெரியவங்க சேர்ந்து இழுத்துத்தான் அவளை வெளியே எடுக்க முடிஞ்சது. அவ பேர்லயே 2007ல அங்கே நீச்சல் குளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பம்ப் பெருசாகும்போது இந்த ஆபத்தும் கூடும். அதனால குளத்தோட அடியில ஒரே ஒரு உறிஞ்சு வாய் வைக்காதீங்க. குறைஞ்சது 3 அடி இடைவெளியில ரெண்டு வைங்க. ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு இழுக்கும். ரெண்டுக்கும் முடியோ உடம்போ சிக்காத, மேடான மூடி போடுங்க. மூடி உடைஞ்சிருந்தா, மாத்துற வரைக்கும் யாரையும் குளத்துல இறக்காதீங்க.

கடைக்குப் போனா "எத்தனை ஹெச்பி?"ன்னு கேட்காதீங்க. "10 மீட்டர் ஹெட்டுல மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும்?"னு கேளுங்க. கேட்லாக்ல இருக்குற வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்க. முடியையும் இலையையும் பிடிக்கிற கூடை உள்ள, நீச்சல் குளத்துக்குன்னே செஞ்ச பம்ப்பா இருக்கட்டும். அதிக ஹெட்டுக்காகச் செஞ்ச கிணத்து மோட்டாரை இங்கே மாட்டினா, தடை குறைவா இருக்கறதால அளவுக்கு மீறித் தண்ணியை இழுத்து, ஓவர்லோடு ஆகி காயில் கருகவும் வாய்ப்பிருக்கு.

கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டேப்பை எடுத்து நீளம், அகலம், ஆழம் அளந்து எழுதிக்கோங்க. மீதிக் கணக்கு அஞ்சு நிமிஷ வேலைதான். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.