விமானத்துக்கே ஒரு பாராசூட்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் மேலே பறப்பவர் கண்ணுக்கு என்ன தெரியும்? ரப்பர், தென்னை, மரச்சீனி, நடுநடுவே நெருக்கியடித்த வீடுகள். எஞ்சின் நின்றுபோன சிறு விமானத்தை இறக்க வெறும் வயல் ஒன்று அகப்படுவது கஷ்டம். இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஏற்றது, ஆளுக்கு அல்லாமல் விமானத்துக்கே கட்டிவிடும் பாராசூட்.

கேரள என்.சி.சி. மாணவர்கள் பயிற்சி பெறும் 'வைரஸ் எஸ்.டபிள்யூ. 80' ரகத்தில் இது உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் செய்த இரண்டு இருக்கை விமானம் அது. 2015-இல் இந்தியா 194 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது, 110 என்.சி.சி.க்கு. 2022 டிசம்பர் 1 அன்று இடுக்கி சத்திரம் ஓடுதளத்தில் முதன்முதலாக இறங்கியதும் இதே ரகம்தான்.

விமானத்துக்கே பாராசூட் என்ற யோசனைக்கு வழி திறந்தவர் அமெரிக்கரான போரிஸ் போபோவ். 1975-இல் ஹேங் கிளைடர் மடங்கி, சுமார் 400 அடி உயரத்திலிருந்து ஏரியில் விழுந்து பிழைத்தார். 1980-இல் இதற்கென்றே நிறுவனம் தொடங்கினார். 1998-இல் சான்று பெற்ற சிர்ரஸ் எஸ்.ஆர். 20 விமானத்தில் இந்தப் பாராசூட் கட்டாய உறுப்பாகவே வந்தது.

விமானி கைப்பிடியை இழுத்ததும் சிறு ராக்கெட் ஒன்று பாராசூட் துணியைப் பிடுங்கிக்கொண்டு பாய்கிறது. தானாக விரியட்டும் என்று விட்டால் பாராசூட் வாலில் சிக்கிவிடலாம். எனக்கு வியப்பு அடுத்ததில்தான்: அவ்வளவு அவசரமாக வெளியே வந்த துணியை, வேண்டுமென்றே தாமதமாக விரிய வைக்கிறார்கள். சிர்ரஸில் கயிறுகளை ஒரு வளையம் சேர்த்துப் பிடித்திருக்கும். காற்று வேகமாக மோதிக்கொண்டிருக்கும்வரை அது மேலேயே நிற்கும். வேகம் குறையக் குறையக் கீழே வழுக்கும், துணியும் விரியும். சட்டென்று விரிந்தால் கிழிந்துவிடும்.

பிறகு விமானம் நிமிடத்துக்குச் சுமார் 1,700 அடி வீதம் இறங்குகிறது. ஒற்றைமாடிக் கூரையிலிருந்து குதித்தது போன்ற அடி. அதைச் சக்கரங்களும் இருக்கைகளும் வாங்கிக்கொள்ளும். ஆனால் உயரம் இருக்கும்போதே இழுக்க வேண்டும். ஆரம்பகால சிர்ரஸ் சோதனையில், நேராகப் பறக்கும்போது 400 அடியும், சுழன்று விழும்போது 920 அடியும் இழந்த பிறகே பாராசூட் விமானத்தைத் தாங்கியது. எப்படியாவது இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கைதான் விமானிக்கு எமன்.

நம்மூரில் விபத்து என்றால் முதலில் ஓடிவருவது அக்கம்பக்கத்தார்தான். இழுக்காத பாராசூட்டின் ராக்கெட் உடைந்த விமானத்துக்குள் உயிரோடு இருக்கலாம். எச்சரிக்கை ஒட்டிய பகுதிக்கு எதிரே நிற்காதீர்கள். சிவப்புக் கைப்பிடியையும் அதன் கேபிளையும் தொடாதீர்கள், வெட்டாதீர்கள். 101-ஐ அழைத்து, பாராசூட் உள்ள விமானம் என்று சொல்லுங்கள்.