கிறீச்சொலியும் எண்ணெய்ப் புட்டியும்

சிங்கப்பூரின் சைனாடவுனுக்கு மலாய் மொழியில் 'கிரேத்தா ஆயர்' என்று ஒரு பெயர் உண்டு. 'தண்ணீர் வண்டி' என்பது அதன் பொருள். சீனர் வழங்கும் பெயரும் மாட்டு வண்டியையும் தண்ணீரையும் சேர்த்தே குறிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அப்பகுதி மக்களுக்கு மாட்டு வண்டிகளே தண்ணீர் சுமந்து வந்தன என்பதை இப்பெயர்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. மாட்டு வண்டியின் அச்சில் மை வற்றினால் அது கிறீச்சிடும். வண்டிக்காரர் மையிட்டால் ஒலி அடங்கிவிடும்.

இன்று அதே பகுதியில், இரவு மழையில் நனைந்து நின்ற மோட்டார் வண்டி ஒன்றை ஒருவர் காலையில் முடுக்குகிறார். எஞ்சின் மூடிக்குள்ளிருந்து கிறீச்சொலி எழுகிறது. பழைய பழக்கத்தில் கை எண்ணெய்ப் புட்டியைத் தேடுகிறது. பிழை இங்கேதான் தொடங்குகிறது. ஒலி ஒன்றாயினும் காரணம் நேர்மாறானது. அச்சு ஒலித்தது உராய்வு மிகுந்ததால். பெல்ட் வீறிடுவதோ பெரும்பாலும் பிடிப்புக் குறைந்ததால். முன்னதற்கு மருந்தான எண்ணெய் பின்னதற்கு நஞ்சாகும்.

இதன் காரணத்தை ஆராய்வோம். எஞ்சின் சுழலும்போது அதன் முன்புறத்திலுள்ள புல்லியும் சுழல்கிறது. அப்புல்லியைச் சுற்றி ஓடும் ரப்பர் பெல்ட், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் குளிர்சாதனத்தின் கம்பிரசரையும் இயக்குகிறது. பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பையும் அதுவே ஓட்டுகிறது. பெல்ட்டுக்குப் பற்கள் இல்லை. இழுவிசையும் உராய்வுமே அதன் பிடிப்பு. அப்பிடிப்புத் தளரும்போது ரப்பர் புல்லியைப் பற்றுவதும் நழுவுவதுமாக விரைந்து அதிர்கிறது. பிடில் வில் தந்தியைப் பற்றியும் நழுவவிட்டும் ஒலி எழுப்புவது போன்றதே இது.

ஆகவே முதலில் செய்யத்தக்கது, ஒலியைப் பகுத்துக் கேட்பது. நீண்டு வீறிடும் ஒலி ஒருவகை. முடுக்கியவுடனும், குளிர்சாதனத்தைப் போட்டவுடனும், வேகத்தைக் கூட்டும்போதும் அது மிகும். சுமை ஏறும்போது பெல்ட் நழுவுகிறது என்பதே அதன் பொருள். குஞ்சுப் பறவை கத்துவதுபோல் விட்டுவிட்டு ஒரே சீராக வரும் கீச்சொலி மற்றொரு வகை. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அது நன்கு கேட்கும். புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்பதற்கு அது அடையாளம். இவ்விரண்டிலும் சேராத கரகரப்பான உறுமல், புல்லியின் பேரிங் தேய்ந்ததைக் காட்டும்.

ஐயம் தீரவில்லையாயின், தண்ணீரே சான்று சொல்லும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பெல்ட்டின் வரிப்பள்ளமுள்ள உட்புறத்தில் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். ஒலி நின்று சற்று நேரத்தில் மீண்டால், நேர்க்கோட்டுப் பிழை. ஒலி இன்னும் மிகுந்தால், இழுவிசைக் குறைவு. மாறாமல் இருந்தால் பேரிங்கை ஐயுறலாம். எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றினால், சொரசொரப்பு குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஓடும் பெல்ட்டின் அருகே கையோ, கூந்தலோ, தொங்கும் துண்டோ செல்லவே கூடாது. பழக்கமில்லாதவர் இச்சோதனையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது நலம்.

எண்ணெய் பட்ட பெல்ட் மேலும் நழுவும். ரப்பரும் ஊறிக் கெடும். பெல்ட்டின் மேல் தெளிக்கும் மருந்துகள் ஒலியைச் சிறிது காலம் மறைக்குமேயன்றிக் காரணத்தை நீக்கா. புதுப் பெல்ட் போட்டும் ஒலி திரும்பினால், இழுவிசை தரும் டென்ஷனரையோ புல்லிகளின் நேர்மையையோ பார்க்காமல் விட்டோம் என்பது தெளிவு. அளவுக்கு மீறி இறுக்குவதும் தவறு; அது பேரிங்குகளை அழிக்கும்.

இன்னும் ஒன்று. பழைய நியோப்பிரீன் பெல்ட்டுகள் முதுமையில் வெடிப்பு விட்டன. அவ்வெடிப்பைப் பார்த்தே மாற்றும் காலத்தை அறிந்தனர். 1990களுக்குப் பின் பரவிய இ.பி.டி.எம். ரப்பர் எளிதில் வெடிப்பதில்லை, டயரைப்போல் தேய்கிறது. வெடிப்பு இல்லை என்பதால் மட்டும் பெல்ட் நல்லது என்று முடிவுகட்டலாகாது. பள்ளங்களின் ஆழத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

மழைக்குப் பின் முடுக்கியதும் ஒரு கணம் எழுந்து அடங்கும் ஒலிக்கு அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் எழுமாயின் அது எச்சரிக்கை. பெல்ட் அறுந்தால் மின்சாரம் நிற்கும். பம்பு அதனால் ஓடுவதாயின் தண்ணீரோட்டமும் நின்று, விரைவுச் சாலையின் நடுவே எஞ்சின் கொதித்துவிடும்.

புறநானூற்றின் 102-ஆம் பாட்டில், மேடு பள்ளங்களில் என்ன நேருமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் சேம அச்சு கட்டிச் சென்ற உமணரை ஒளவையார் காட்டுகிறார். அவர்கள் அச்சு முறியும்வரை காத்திருக்கவில்லை. நமக்கோ பெல்ட் முன்னதாகவே குரல் கொடுக்கிறது. அக்குரலை எண்ணெயால் அடக்காமல், காரணத்தைக் கேட்டறிதலே அறிவுடைமை.