தண்ணீர் ஊற்றினால் மைலேஜ் கூடுமா?

‘ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள், பெட்ரோல் செலவில் 30 சதவீதம் மிச்சம்!’ இப்படி ஒரு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு டப்பா, உள்ளே எவர்சில்வர் தகடுகள், பேட்டரியிலிருந்து இரண்டு வயர். சுவிட்சைப் போட்டதும் டப்பாவுக்குள் பால் போல நுரை பொங்கும். அந்த நுரைதான் தண்ணீரைப் பிரித்துக் கிடைக்கும் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் கலவை. ஹெச்.ஹெச்.ஓ. என்றும் பிரவுன்ஸ் கேஸ் என்றும் சொல்வார்கள். இதை ஒரு டியூப் வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் விட்டால், இன்ஜின் குறைந்த பெட்ரோலில் ஓடுமாம்.

எனக்கு இந்த வீடியோ வந்தபோது அழித்துவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் மாமாவுக்கு வந்தபோது அவர் 4,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார்.

மாமா சொந்தமாக ஒரு பெட்ரோல் வேகன் ஆர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். வெளியூரிலிருந்து வருபவர்களை ரங்கநாதர் கோயில், திருவானைக்காவல், சமயபுரம், வயலூர் என்று சுற்றிக் காட்டுவதுதான் தொழில். மாதம் சுமார் 2,500 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினேழரை கிடைக்கிறது என்றால் பெட்ரோலுக்கு மட்டும் 14,000 ரூபாய்க்கு மேல் போகிறது. கிட்டின் விலையும் 14,000தான். 30 சதவீதம் மிச்சமானால் நான்கே மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும், பிறகு கார் லோன் தவணையில் பாதிக்கு மேல் அதிலேயே கட்டலாம் என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது, 30 சதவீதம் உண்மையாக இருந்தால்!

பத்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதி 10,000 கொடுத்தால் போதும் என்று திருச்சியில் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே போன் வந்தது. “மாப்ளே, இருபதரை குடுக்குதுடா! நீ இஞ்சினியருக்குப் படிச்சவன்தானே, இதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டாங்களா?”

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. கார் மெக்கானிசம் எனக்குத் தெரியாது. ஆனால் எக்செல் தெரியும். அன்று ராத்திரியே சென்னையில் ஒரு ஷீட் போட ஆரம்பித்தேன். நீங்களும் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூட வேதியியல் போதும்.

கணக்கைத் தொடங்குவோம்

மாமாவின் கிட்டில் ஏழு தகடுகள், இடையே ஆறு அறைகள். டேஷ்போர்டில் ஒட்டிக் கொடுத்த அம்மீட்டர் காட்டுவது 12 ஆம்ப். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் சுமார் 166 வாட்.

மின்சாரத்தால் எவ்வளவு வாயு பிரியும் என்பதை ஃபாரடே 1834-ல் சொல்லிவிட்டார். 26.8 ஆம்பியர்-மணிக்கு 1 கிராம் ஹைட்ரஜன். 12 ஆம்ப் ஆறு அறைகள் வழியாகவும் போவதால், மணிக்கு 72 ஆம்பியர்-மணி. அதாவது 2.7 கிராம் ஹைட்ரஜன். கொள்ளளவில் பார்த்தால் ஆக்ஸிஜனையும் சேர்த்து நிமிடத்துக்கு 0.8 லிட்டர் வாயு. கிட் எவ்வளவு நல்ல கிட்டாக இருந்தாலும் 12 ஆம்பில் இதற்கு மேல் ஒரு சொட்டு கூட வராது.

ஒரு கிராம் ஹைட்ரஜன் எரிந்தால் 33 வாட்-மணி கிடைக்கும். ஆக 2.7 கிராமுக்கு 90 வாட்-மணி. 166 கொடுத்தோம், 90 வந்தது. மீதி டப்பாவைச் சூடாக்கியது. (தொட்டுப் பார்த்தால் தெரியும்.)

சரி, இந்த 90 வாட்-மணி எவ்வளவு பெட்ரோலுக்குச் சமம்? ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 8.9 யூனிட் சக்தி இருக்கிறது. நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். 0.09 யூனிட்டை 8.9-ஆல் வகுத்தால், 10 மில்லி. ஒரு மணி நேரம் ஓடினால் கிட் கொடுப்பது 10 மில்லி பெட்ரோல்! இருமல் மருந்து மூடி அளவு.

இனி செலவுப் பக்கம். அந்த 166 வாட்டை ஆல்டர்னேட்டர் கொடுக்கிறது. கொடுப்பதில் பாதிக்கும் சற்று மேல்தான் மின்சாரமாகிறது, எனவே பெல்ட்டில் 300 வாட் இழுக்கும். இன்ஜின் பெட்ரோலின் சக்தியில் 30 சதவீதத்தைத்தான் சுழற்சியாக மாற்றும் என்று வைத்துக்கொண்டால், 300 வாட்டுக்கு 1,000 வாட் அளவு பெட்ரோல் எரிய வேண்டும். மணிக்கு ஒரு யூனிட். அதாவது 110 மில்லி.

10 மில்லி வாங்குவதற்கு 110 மில்லி கொடுக்கிறோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 லிட்டர் குடிக்கும் காருக்கு இது 3 சதவீதத்துக்கு மேல் நஷ்டம். ஆல்டர்னேட்டர், இன்ஜின் திறனை நீங்கள் கூட்டிக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். எப்படிப் போட்டாலும் விடை மைனஸ்தான். தண்ணீர் என்பதே ஏற்கனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அடுப்புச் சாம்பல் மாதிரி. சாம்பலை மறுபடி விறகாக்க, எரிந்தபோது வந்ததைவிட அதிகம் செலவழிக்க வேண்டும்.

மாமாவிடம் போனில் சொன்னேன். “ஆல்டர்னேட்டர் எப்படியும் சும்மாதானே சுத்திக்கிட்டு இருக்கு?” என்றார். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்குப் பதில் தெரியும். டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனக்கும்.

நாசா சொன்னதா?

‘நாசாவே ஒப்புக்கொண்டது’ என்று கிட் விற்பவர்கள் ஒரு அறிக்கையைக் காட்டுவார்கள். அறிக்கை உண்மைதான், 1977-ல் வந்தது. பெட்ரோலுடன் ஹைட்ரஜனைச் சேர்த்தால் தீ வேகமாகப் பரவுகிறது, அதிகக் காற்றும் குறைந்த பெட்ரோலும் உள்ள கலவையில்கூட இன்ஜின் திக்காமல் ஓடுகிறது, புகையும் குறைகிறது என்று கண்டார்கள். ஆனால் அந்த ஹைட்ரஜன் சிலிண்டரிலிருந்தும், மெத்தனாலைப் பிரித்தும் வந்தது. அதே இன்ஜினின் ஆல்டர்னேட்டரிலிருந்து வரவில்லை. அளவையும் பார்க்க வேண்டும். மாமாவின் ஒரு லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 400, 500 லிட்டர் காற்றை இழுக்கும். அதில் நம் 0.8 லிட்டர், அண்டா சாம்பாரில் ஒரு கறிவேப்பிலை.

இந்த ஆசைக்கு வயது அதிகம். அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் கார் என்று சொல்லி முதலீடு வாங்கினார். 1996-ல் ஒஹாயோ நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்து, வாங்கிய 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அதே 1996-ல்தான் நம்மூரில் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் தலைப்புச் செய்தியானது. தண்ணீரும் இலையும் சேர்ந்து பெட்ரோல் ஆவதாகச் சொன்னதைத் தமிழ்நாடே நம்பியது. எங்கள் தாத்தாவும் நம்பினாராம். பிறகு சிபிஐ வழக்குப் போட்டு, 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2012-ல் பாகிஸ்தானில் ஒருவர் ‘வாட்டர் கிட்’ என்று இதே தண்ணீர் டப்பாவைக் காட்டியபோது அமைச்சர்களே பாராட்டினார்கள்.

திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் காரைக்குடி. அங்கே அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மின்சாரத்தால் பொருட்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும்தான் அங்கே வேலை. ஹைட்ரஜன் பொய்யல்ல. 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப்.-ல் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். ஆனால் அங்கெல்லாம் ஹைட்ரஜனை வெளியே தயாரித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டியே தன் எரிபொருளைத் தானே தயாரித்துக்கொள்வதில்லை.

அப்படியானால் அந்த இருபதரை?

என் எக்செல் மைனஸ் காட்டுகிறது, மாமாவின் கார் பிளஸ் காட்டுகிறது. மாமா பொய் சொல்பவர் அல்ல. நான்கு நாள் லீவு போட்டுவிட்டு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஊருக்குக் கிளம்பினேன். பையில் ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. ரீடர்.

இது என்ன என்று தெரியாதவர்களுக்கு: 2013-க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஈ.எல்.எம். 327 என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரீடரை அதில் செருகி, மொபைலில் டார்க் போன்ற ஒரு ஆப் போட்டால், வேகம், இன்ஜின் லோடு, வோல்டேஜ், பெட்ரோல் கலவைத் திருத்தம் எல்லாம் திரையில் ஓடும். ஃபைலாகச் சேமித்து எக்செல்லில் திறக்கலாம்.

முதலில் வண்டியை நிறுத்தியபடி ஐடிலிங்கில் விட்டு, கிட் சுவிட்சைப் போட்டு அணைத்தோம். போட்டால் வோல்டேஜ் 14.1-லிருந்து 13.8-க்கு இறங்கியது, இன்ஜின் லோடு ஒன்றிரண்டு சதவீதம் ஏறியது. அணைத்தால் பழையபடி. பத்து முறை செய்தோம், பத்து முறையும் அப்படியே. மாமா ஒன்றும் பேசவில்லை, ஆனால் மொபைலைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

அடுத்து ரோட்டுச் சோதனை. நான்கு நாள், காலை ஐந்தரை மணி, ஒரே பங்க், ஒரே பம்ப். டயர் காற்று ஒரே அளவு, ஏசி கிடையாது. சென்னை ரோட்டில் பெரம்பலூர் வரை போய்த் திரும்புவது, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். முக்கியமான விஷயம், கிட் ஓடுகிறதா இல்லையா என்பது மாமாவுக்குத் தெரியக் கூடாது. சுவிட்சை நீள வயர் போட்டுப் பின் சீட்டுக்கு இழுத்து, அம்மீட்டர் மேல் டேப் ஒட்டிவிட்டேன். எந்த நாள் ஆன், எந்த நாள் ஆஃப் என்று காசு சுண்டி முடிவு செய்தேன்.

ஆஃப் நாட்களில் 21.1, 20.8. ஆன் நாட்களில் 20.6, 20.3. கணக்கில் வந்தது போலவே கிட் ஓடியபோது சற்றுக் குறைவு. ஆனால் இந்த அரை கிலோமீட்டரை நான் பெரிய ஆதாரமாகச் சொல்ல மாட்டேன். ஐந்து லிட்டர் நிரப்பும்போது 100 மில்லி முன்னே பின்னே போனாலே 2 சதவீதம் மாறிவிடும். 30 சதவீதம் என்பது இல்லவே இல்லை, அதுதான் விஷயம்.

கவனித்தீர்களா? கிட் இல்லாத நாளிலும் பதினேழரை கொடுத்த கார் 21 கொடுக்கிறது! கொஞ்சம் ஹைவே, கொஞ்சம் ஏசி இல்லாதது. மீதி மாமாவின் வலது கால். கிட் மாட்டியவர் மாட்டும்போதே ஏர் ஃபில்டரை ஊதி, டயருக்குக் காற்றடித்து, “அறுபதுக்கு மேல போகாதீங்க, கேஸ் வேலை செய்ய டைம் வேணும்” என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாமாவும் புது மருமகளை அழைத்து வருவது போல மூன்று நாள் காவிரிப் பாலத்தில் மெதுவாக ஓட்டியிருக்கிறார்.

மாட்ட வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்கள்

மைலேஜ் கூடாது என்பதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் இந்த டப்பா சாதுவானது அல்ல. ஹைட்ரஜன், காற்றில் 4-லிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் பற்றிக்கொள்ளும். இங்கே ஆக்ஸிஜனும் சரியான விகிதத்தில் கலந்தே வருகிறது. ஒரு பேக்ஃபயர் டியூப் வழியாகத் திரும்பினால் டப்பா வெடிக்கும். சாவி ஆனில் இருந்து இன்ஜின் நின்றுவிட்டால்கூட மாமாவின் கிட் வாயு தயாரித்துக்கொண்டே இருந்தது. தண்ணீரில் கலந்திருப்பது காஸ்டிக் சோடா, கண்ணில் தெறித்தால் பார்வை போகும். நாள்பட்டால் எவர்சில்வர் கரைந்து தண்ணீர் பழுப்பாகும், அதில் நச்சான குரோமியம் இருக்கலாம். வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

சில கிட்டுகளில் ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்ற ஒரு குட்டிப் பெட்டியும் தருவார்கள். ‘பெட்ரோல் அதிகம்’ என்று அது பொய் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும். சில நாள் மைலேஜ் கூடியது போலக்கூட இருக்கும். பிறகு இன்ஜின் சூடு, திக்கல், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் செலவு. மாமாவுக்கும் கொடுத்திருந்தார்கள், நாங்கள் இணைக்கவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஐந்தாம் நாள் கிட்டைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தோம். 4,000 ரூபாய் ‘அடுத்த வாரம் வாங்க’ நிலையில் இருக்கிறது. மாமா இப்போது மொபைலில் ஷீட் திறந்து ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கிலோமீட்டரும் லிட்டரும் போட்டுக்கொள்கிறார். ஊருக்குள் ஏசி போட்டு ஓட்டியும் போன மாதம் சராசரி 19.2. முன்பைவிட மாதம் 1,200 ரூபாய் மிச்சம்.

அம்மீட்டரை மட்டும் அவர் கழற்ற விடவில்லை. வயர் எதுவும் இல்லாமல் டேஷ்போர்டில் பூஜ்யம் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்தால் கால் தானாக லேசாகிறதாம்.