கணக்கு சரி, விடை மைனஸ் 18

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதி வருகிறது. ஒரு பொருள் வீசும் கதிராற்றல் அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்து உயரும். இதைத் தேர்வுக்குப் படித்து மறப்பதற்குள், ஒருமுறை பூமிக்கே போட்டுப் பார்க்கலாம்.

வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1361 வாட் விழுகிறது. பூமியோ உருண்டை, பாதியில் இரவு, ஓரங்களில் சாய்ந்த வெயில். முழுப் பரப்புக்கும் பங்கிட்டால் கால் பங்குதான், 340 வாட். அதில் ஏறக்குறைய 100 வாட்டை மேகங்களும் பனியும் பாலைவனங்களும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிச்சம் 240. வரவும் செலவும் நேராக வேண்டுமானால் இதே 240 வாட் அகச்சிவப்புக் கதிராக வெளியேற வேண்டும். விதியில் போட்டால் 255 கெல்வின் வரும். அதாவது மைனஸ் 18 டிகிரி செல்சியஸ்.

தரையின் உண்மையான சராசரியோ சுமார் 15 டிகிரி. இடையிலுள்ள 33 டிகிரி, காற்றின் வேலை.

இந்த இடத்தில் ‘போர்வை’ என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. அந்த மைனஸ் 18 இருக்கத்தான் செய்கிறது, தலைக்கு மேலே சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில். தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியை நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வழியிலேயே உறிஞ்சி, மறுபடி வீசுகின்றன. விண்வெளிக்குத் தப்பும் கதிர் சராசரியாக அந்த உயரத்திலிருந்துதான் கிளம்புகிறது. மேலே போகப் போக, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குளிர்கிறது. ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்.

கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி சூடாகும் என்று ஸ்வீடனின் அர்ரீனியஸ் 1896இல் கணக்கிட்டுச் சொன்னார். இருக்கும் வாயுவே பிடிக்க வேண்டிய கதிரைப் பிடித்துவிடுகிறதே, இன்னும் சேர்த்தால் என்ன ஆகிவிடும் என்று 1900இல் மறுத்தார் அதே நாட்டு க்னூட் ஆங்ஸ்ட்ரோம். நல்ல கேள்வி, ஆனால் அவர் பார்த்தது கீழே. வாயு கூடும்போது கதிர் தப்பும் உயரம் மேலேறுகிறது. அங்கே குளிர் அதிகம், வீசும் கதிர் குறைவு. செலவு குறைந்து வரவு மிஞ்சுகிறது. மறுபடி நேராகும்வரை கீழே சூடேறுகிறது. மிஞ்சும் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள் போகிறது.

பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம் என்போருக்கும் பதில் உயரத்தில்தான் இருக்கிறது. வெயில் கூடியிருந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரும் சூடாகியிருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கூடினால் அந்த அடுக்கு குளிரும் என்று காலநிலை அறிவியலாளர்கள் மனாபேயும் வெதரால்டும் 1967இல் கணினியில் கணக்கிட்டிருந்தார்கள். செயற்கைக்கோள்கள் அளந்து பார்த்தபோது அது குளிர்ந்துகொண்டிருந்தது.